விமானப் பணிப்பகிஷ்கரிப்பு: வாக்கை எப்படி எண்ணுகிறார்கள், பிளேன் எப்போது நிற்கும்?

வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் விமானச்சீட்டுப் பதிவு செய்கிற மேசையில் இருப்பவனுக்கு வருடத்தில் இரண்டு காலம் போன் ஓயாது. ஒன்று வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறை, மற்றது மார்கழி. 2025 ஆவணி (ஓகஸ்ட்) நடுவில் எயார் கனடா விமானப் பணியாளர்கள் வேலையை நிறுத்தியபோது அது இன்னும் கூடிப்போனது. எயார் கனடா கொழும்புக்கு வருவதில்லை. ஆனாலும் ரொறன்ரோவில் இருந்து லண்டன் வரைக்கோ டெல்லி வரைக்கோ முதல் துண்டை அதில் போட்டிருந்த சனம் நிறைய. அதற்குப் பிறகு எந்த எயார்லைனைப் பற்றியாவது "ஸ்ரைக்காம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் போதும், மல்லாவி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எல்லாப் பக்கமும் இருந்து அதே கேள்விகள்தான் வருகின்றன.

நான் ரிக்கெற் விற்கிறவன். எந்தச் சங்கத்தின் ஆளும் இல்லை, எயார்லைன்காரனும் இல்லை. ஆனால் இந்தச் சண்டைகளைத் தொடர்ந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது: விமான வேலைநிறுத்தம் திடீரென்று வருவது மிகக் குறைவு. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் அதற்கு வாக்கெடுப்பு, மத்தியஸ்தம், காத்திருப்பு, முன்னறிவித்தல் என்று படிகள் கட்டி வைத்திருக்கிறது. இப்போது எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

அண்ணை, 99 வீதம் பேர் ஸ்ரைக்குக்கு வாக்குப் போட்டிட்டினமாம். அப்ப பிளேன் நிக்குதோ?

பெரும்பாலும் இல்லை. அந்த வாக்கு "நாளைக்கு நிற்பாட்டுகிறோம்" என்ற முடிவு அல்ல. "தேவை வந்தால் நிற்பாட்டலாம், அந்த அதிகாரத்தை உங்களிடம் தருகிறோம்" என்று உறுப்பினர்கள் சங்கத் தலைமைக்குக் கொடுக்கும் ஒப்புதல். சம்பளப் பேச்சில் முதலாளிக்குக் காட்ட ஒரு கடிதம் மாதிரி. அதனால்தான் எண்ணிக்கை பெரும்பாலும் 90க்கு மேல் வருகிறது. தன் தலைவர்களை வெறுங்கையோடு மேசைக்கு அனுப்ப எந்தத் தொழிலாளி விரும்புவான்?

இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். 2023 ஆவணியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானப் பணியாளர்கள் 99 வீதத்துக்கு மேல் ஆதரவாக வாக்களித்தார்கள். ஒரு விமானமும் நிற்கவில்லை. ஒரு வருடம் இழுபட்டு, 2024 புரட்டாதியில் புதிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். 2025இல் எயார் கனடாவில் 99.7 வீதம். அங்கே நின்றது. எண் ஒன்றுதான், இரண்டு நாட்டுச் சட்டமும்தான் வேறு.

அமெரிக்காவில் மட்டும் ஏன் இப்படி வருடக்கணக்கில் இழுபடுகிறது?

அங்கே விமானத் தொழிலாளருக்கு மற்றத் தொழிலாளருக்கு உள்ள சட்டம் இல்லை. 1926இல் ரயில்வேக்காக எழுதிய ரயில்வே தொழிலாளர் சட்டத்தை 1936இல் விமானங்களுக்கும் நீட்டினார்கள். சண்டை வந்தாலும் வண்டி ஓடவேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கம். அதை ஒளித்து வைக்கவும் இல்லை.

முதலாவது, கூட்டு ஒப்பந்தம் அங்கே காலாவதியாவதில்லை. ஒரு தேதிக்குப் பிறகு அதைத் திருத்தக் கேட்கலாம், அவ்வளவுதான். புதியது வரும்வரை பழைய சம்பளமும் பழைய நிபந்தனையும் அப்படியே ஓடும். இரண்டு பக்கமும் நேரடியாகப் பேச வேண்டும். சரிவராவிட்டால் தேசிய மத்தியஸ்த சபையிடம் போகலாம். இது 1934இல் உருவான, ஜனாதிபதி நியமிக்கும் 3 பேர் கொண்ட சபை. அந்த மத்தியஸ்தத்துக்குக் கால எல்லை கிடையாது. "இனிப் பேசிப் பயனில்லை" என்று சபையே சொல்லும்வரை யாரும் வெளியே வர முடியாது. சங்கம் மாதக்கணக்கில் "எங்களை விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருக்கும், சபை "இன்னொரு முறை இருந்து பாருங்கள்" என்று திகதி போட்டுக்கொண்டிருக்கும்.

சபை கைவிட்டால் முதலில் நடுத்தீர்ப்புக்கு, அதாவது நடுவர் சொல்லும் முடிவை இரண்டு பக்கமும் ஏற்கும் முறைக்கு, போகச் சம்மதமா என்று கேட்கும். ஒரு பக்கம் மறுத்தாலும் 30 நாள் ஆறுதல் காலம் (சூடு தணியப் பொறுத்திருக்கும் காலம்) தொடங்கும். அந்த 30 நாளும் முடிந்த பிறகுதான் சங்கம் வேலையை நிறுத்தலாம், கம்பனி கதவடைக்கலாம். அப்போதும் ஜனாதிபதி அவசர சபை ஒன்றை அமைத்தால் அது அறிக்கை தர 30 நாள், அதைப் படித்து யோசிக்க இன்னொரு 30 நாள்.

1997 மாசியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். சில நிமிடங்களில் கிளிண்டன் அவசர சபையை அறிவிக்க, விமானிகள் திரும்பிப் போனார்கள். இவ்வளவு படிகளையும் தாண்டி வந்து சில நிமிடம்தான் கிடைத்தது.

அதனால் அமெரிக்க எயார்லைன் ஒன்றின் பெயரோடு "ஸ்ரைக்" என்ற செய்தி வந்தால் நான் பார்ப்பது ஒன்றுதான்: மத்தியஸ்த சபை கைவிட்டு 30 நாள் எண்ணத் தொடங்கிவிட்டதா? இல்லையென்றால் ரிக்கெற்றை மாற்ற வேண்டாம்.

அப்ப அங்கே கடைசியாக எப்போது நின்றது?

பயணிகள் விமான நிறுவனங்களில் பேசப்படும் கடைசி வேலைநிறுத்தம் 2010 ஆனியில் ஸ்பிரிட் எயார்லைன்ஸ் விமானிகள் செய்தது. 5 நாள். அதற்கு முன் நீண்டவை இருந்திருக்கின்றன: 1966இல் இயந்திரத் தொழிலாளர்கள் 5 எயார்லைன்களை 43 நாள் நிறுத்தினார்கள், 2001இல் கொமெயர் விமானிகள் 89 நாள் நின்றார்கள். 1989இல் ஈஸ்ரேன் எயார்லைன்ஸில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்த நிறுவனமே 1991இல் மூடப்பட்டது. யாரால் மூடப்பட்டது என்று கேட்டால் சங்கக்காரர் ஒரு கதை சொல்வார்கள், முதலாளி பக்கம் இன்னொரு கதை சொல்லும்.

சங்கம் அமைக்கும் வாக்கெடுப்பில் "வாக்களிக்காதவர் எதிர்ப்பு" என்று எண்ணுவார்களாமே, உண்மையா?

உண்மையாகவே இருந்தது, அதுவும் ஏறத்தாழ 75 வருடங்கள். நான் வாசித்த வாக்கு விதிகளில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு எயார்லைனில் சங்கம் வேண்டுமா என்று முடிவுசெய்ய, ஒரே தொழிலைச் செய்யும் எல்லோரும் நாடு முழுவதற்கும் ஒரே தொகுதியாக வாக்களிக்க வேண்டும். விமானிகள் தனி, விமானப் பணியாளர்கள் தனி, இயந்திரத் தொழிலாளர்கள் தனி. வாக்கெடுப்பை நடத்துவதும் அதே மத்தியஸ்த சபைதான். பழைய விதியின்படி, வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதாது. வாக்களிக்கத் தகுதி உள்ள அனைவரிலும் பாதிக்கு மேல் வாக்களிக்க வேண்டும். வாக்குச்சீட்டில் "சங்கம் வேண்டாம்" என்று ஒரு பெட்டியே கிடையாது. வேண்டாம் என்பவர் சும்மா வீட்டில் இருந்தால் போதும். விடுமுறையில் போனவர், சுகமில்லாதவர், கடிதத்தைத் தொலைத்தவர், அக்கறை இல்லாதவர் எல்லோரும் அவரோடு சேர்த்து எண்ணப்படுவார்கள்.

இதை இரணைமடுச் சிறுபோகக் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். 500 கமக்காரர் இருக்கும் இடத்தில் 240 பேர் வந்து, எல்லோரும் ஒரே குரலில் ஒரு தீர்மானத்துக்குக் கை உயர்த்துகிறார்கள். செயலாளர் எழுந்து, "வராத 260 பேரும் எதிர்ப்பு, தீர்மானம் தோற்றது" என்று கொப்பியில் எழுதினால் மண்டபம் என்ன பாடுபடும்! 2008இல் அமெரிக்காவின் டெல்ரா எயார்லைன்ஸ் விமானப் பணியாளர்களுக்கு நடந்தது அதுதான். சுமார் 40 வீதம் பேர் வாக்களித்தார்கள், அநேகமாக எல்லாமே சங்கத்துக்கு ஆதரவு. பாதியைத் தொடாததால் வாக்கெடுப்பு தோல்வி.

அந்த விதிக்காக வாதாடுபவர்கள் சொல்வதையும் சொல்லவேண்டும். ஒரு முறை சங்கம் வந்தால் அதைக் கலைப்பது லேசில்லை, பணம் கட்டச் சொல்லும் ஒப்பந்தமும் வரலாம், ஆகவே பாதிப்பேருக்காவது உண்மையில் அது வேண்டும் என்று தெரியவேண்டும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கணக்கை அவர்களுடைய நாட்டு ஜனாதிபதித் தேர்தலுக்குப் போட்டால் வெல்கிறவர் யார்?

2010 வைகாசியில் சபை விதியை மாற்றியது. ஆடி முதல் வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும், சீட்டில் "சங்கம் வேண்டாம்" என்ற தெரிவும் வந்தது. விமான நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2011 இறுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் புதிய விதியையே ஏற்றது.

விதியை மாற்றியதும் டெல்ராவில் சங்கம் வந்துவிட்டதா?

வரவில்லை. நோர்த்வெஸ்ட் என்ற இன்னொரு எயார்லைனோடு இணைந்த பிறகு 2010 கார்த்திகையில் மறுபடி வாக்கெண்ணினார்கள். 18,000க்கு மேற்பட்டோர் வாக்களிக்க, 300 சொச்சம் வாக்கில் சங்கம் தோற்றது. நோர்த்வெஸ்ட்டில் இருந்து வந்தவர்கள் பல வருடமாக வைத்திருந்த சங்கத்தையும் அதோடு இழந்தார்கள். "சும்மா இருப்பவர் எதிர்ப்பு" என்ற விதி இருந்தபோது எத்தனை பேர் உண்மையாகவே எதிர்ப்பு என்று யாருக்கும் தெரியாது. புதிய விதியில் அது வெளியே வந்தது. பாதிக்கு மேல் உண்மையாகவே வேண்டாம் என்றார்கள். சனநாயகம் என்றால் அதையும் விழுங்கத்தான் வேண்டும்.

2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் வேறு பக்கத்தால் இறுக்கியது. வாக்கெடுப்புக் கேட்பதற்கே முன்பு 35 வீதத்தினரின் கையெழுத்து போதும், இப்போது 50 வீதம் வேண்டும். வாசலை அகலமாக்கிவிட்டுப் படலையை ஒடுக்கிவிட்டார்கள்.

சங்கம் இல்லாத டெல்ராதான் 2022இல், பயணிகளை ஏற்றும் நேரத்துக்கும் பணியாளருக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. சங்கம் வந்துவிடும் என்ற பயத்தில் கொடுத்தது என்று சங்கக்காரர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஏற்றும் நேரத்துக்குச் சம்பளம் இல்லையா? அப்ப சும்மாவா வேலை செய்கிறார்கள்?

பல எயார்லைன்களில் விமானப் பணியாளரின் மணித்தியாலக் கணக்கு விமானம் நகரத் தொடங்கும்போதுதான் ஆரம்பிக்கும். எங்கள் அம்மம்மா சக்கர நாற்காலியில் வந்து, கைப்பையை மேலே வைக்கச் சொல்லி, பனங்கட்டிக் குட்டானை இடுக்கிலே செருகி, இருக்கை மாறி இருந்து எழும்பும் அந்த முக்கால் மணித்தியாலம், ஒருநாளில் மிகக் கஷ்டமான அந்த வேலை, சம்பளக் கணக்கில் சேராது. எயார் கனடா சண்டையின் நடுவில் இருந்தது இதுதான். சம்பளமில்லாத வேலை பறக்காது என்பதே அவர்களின் கோஷம்.

கனடாவில் என்ன விதி? 2025இல் என்ன நடந்தது?

கனடாவில் படிகள் சிறியவை, திகதிகள் தெளிவானவை. இணக்கப் பேச்சுக்கு 60 நாள், பிறகு 21 நாள் ஆறுதல் காலம். வேலைநிறுத்த வாக்கெடுப்பு இரகசியமாக நடக்க வேண்டும், அது நடந்து 60 நாளுக்குள் வேலைநிறுத்தம் தொடங்க வேண்டும். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். சங்கத்தில் சேராதவரும் அந்தத் தொகுதியில் வேலை செய்தால் வாக்களிக்கலாம். கடைசியாக 72 மணித்தியால முன்னறிவித்தல். இந்த 72 மணித்தியாலம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான மணிச்சத்தம். அந்த அறிவித்தல் கொடுத்தவுடனேயே எயார்லைன் விமானங்களை ஒவ்வொன்றாக ரத்துச் செய்யத் தொடங்கிவிடும், ஏனென்றால் பெரிய விமானங்கள் உலகத்தின் மறுபக்கத்தில் அகப்பட்டு நிற்பதை அது விரும்பாது.

2025 ஆவணி 16ஆம் திகதி அதிகாலை 10,000க்கு மேற்பட்ட பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு நாள் முழுதாக முடியமுன்னரே தொழில் அமைச்சர் தொழிற்சட்டத்தின் 107ஆம் பிரிவைக் கையில் எடுத்து, வேலைக்குத் திரும்பவும் நடுத்தீர்ப்புக்குப் போகவும் வழி செய்தார். சங்கம் திரும்ப மறுத்தது. உத்தரவை மீறி வீதியில் நின்றார்கள். 19ஆம் திகதி அதிகாலை உடன்பாடு வந்தது, தரையில் செய்யும் வேலைக்கும் சம்பளம் கிடைத்தது. ஒரு அரசாங்கத்தின் உத்தரவை மீறி நின்று வென்ற சங்கத்தைக் கனகாலத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. உடன்பாட்டின் சம்பளப் பகுதியை உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் 99 வீதத்தால் நிராகரித்தார்கள். ஆனாலும் மறுபடி வேலைநிறுத்தம் செய்ய முடியாது, சம்பளப் பிரச்சினை மத்தியஸ்தத்துக்கும் தேவையானால் நடுத்தீர்ப்புக்கும் போகும் என்று முதலே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆகவே அந்த 99 வீதத்தால் ஒரு பிளேனும் நிற்கவில்லை.

தொகை பெரிதாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. 2024 ஆனி கடைசியில் வெஸ்ற்ஜெற்றின் இயந்திரத் தொழிலாளர்கள் சுமார் 680 பேர் நின்றதற்கே நீண்ட வார இறுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின.

லண்டன் பக்கம்?

பிரித்தானியாவில் வாக்குச்சீட்டுத் தபாலில் வீட்டுக்கு வரும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேலும் ஒரு தடை போட்டது: தகுதியுள்ளவர்களில் பாதிப்பேராவது வாக்களிக்க வேண்டும், அவர்களில் பெரும்பான்மை ஆதரிக்க வேண்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, விமான நிலையப் பாதுகாப்பு போன்ற முக்கிய சேவைகளுக்கு மொத்தத் தகுதியுள்ளோரில் 40 வீதம் ஆதரவும் வேண்டும் என்று இருந்தது. சரியாகப் பாதிப்பேர் வாக்களித்தால் அவர்களில் 80 வீதம் "ஆம்" சொன்னால்தான் கணக்குச் சரிவந்தது. 2025 இறுதியில் நிறைவேறிய புதிய சட்டம் இவற்றைத் தளர்த்துகிறது.

அங்கே வாக்கு எண்ணிக்கையை விட வாக்காளர் பட்டியல்தான் ஆபத்து. 2009 மார்கழியில் பிரிட்டிஷ் எயார்வேஸ் பணியாளர்கள் 90 வீதத்துக்கு மேல் ஆதரவோடு, நத்தார் காலத்தில் 12 நாள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். நிறுவனம் நீதிமன்றம் போனது. சுயவிருப்பில் வேலையை விட்டுப் போக ஒப்பமிட்டிருந்த நூற்றுக்கணக்கானோருக்கும் வாக்குச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று காட்டியது. அவர்களைக் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறியிருக்காது. இருந்தும் நீதிமன்றம் தடை போட்டது. சங்கம் முதலில் இருந்து வாக்கெடுத்து, 2010 பங்குனியில்தான் நிற்க முடிந்தது.

அதே நிறுவனத்தின் விமானிகள் 2019 புரட்டாதி 9, 10ஆம் திகதிகளில் நின்றபோது அநேகமாக எல்லா விமானமும் ரத்து.

ஜேர்மனி, பிரான்ஸ்?

ஜேர்மனியில் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது அது தீர்த்துவைத்த விடயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. முடிந்துவிட்டால் "எச்சரிக்கை வேலைநிறுத்தம்" ஒரு நாள், இரண்டு நாள் என்று குறுகிய அறிவித்தலில் வரும். லுப்தான்சாவில் போகிறவர்கள் கடைசி மூன்று நாளும் செய்தி பார்க்கவும். பிரான்சில் விமானத் தொழிலாளி ஒவ்வொருவரும் தான் சேர்கிறேன் என்று 48 மணித்தியாலத்துக்கு முன் தன் நிறுவனத்துக்குச் சொல்லவேண்டும் என்று 2012இல் சட்டம் கொண்டுவந்தார்கள்.

அப்ப டுபாய், டோகா எயார்லைன்களில் எடுத்தால் இந்தத் தலையிடியே இல்லையே?

அங்கே வேலைநிறுத்தம் வராதுதான். அமீரகத்தில் தொழிற்சங்கம் அமைக்க இடமில்லை, கட்டாரில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அந்த உரிமை கிடையாது. அந்த விமானங்களிலும் விமான நிலையங்களிலும் எங்கள் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்த "நிம்மதியை" அனுபவியுங்கள்.

நடைமுறையிலும் அது முழுப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் போய் இறங்கும் ஐரோப்பிய விமான நிலையத்தில் பொதி ஏற்றுபவரோ கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரோ நின்றால் எந்த எயார்லைனும் ஒன்றுதான்.

எங்கள் நாட்டில் என்ன சட்டம்? ஸ்ரீலங்கனில் ஸ்ரைக் வருமா?

வருமா வராதா என்று நான் சாத்திரம் சொல்ல மாட்டேன். சட்டத்தைச் சொல்கிறேன்.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அமெரிக்காவைப் போல் ஒரு தொழிலுக்கு ஒரே சங்கம் என்று வாக்கெடுத்து முடிவுசெய்யும் முறை இங்கே இல்லை. ஆகவே ஒரே நிறுவனத்தில் விமானிகளுக்கு ஒன்று, பொறியியல் பகுதிக்கு ஒன்று, கட்சிகளின் கிளைகள் வேறு என்று பல சங்கங்கள். ஒன்று நிற்கும், மற்றது வேலை செய்யும். முதலாளி யாரோடு பேச வேண்டும் என்பதற்கு 1999ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு கோடு போட்டது: தொழிலாளரில் 40 வீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு கூட்டுப்பேச்சு நடத்த மறுக்கக் கூடாது. இது எயார்லைனுக்கு மட்டும் உரிய சட்டம் இல்லை. கிளிநொச்சியில், வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே 40தான். விமானச் செய்தி கேட்க வந்த ஒரு தங்கச்சிக்கு இதைச் சொன்னபோது, அவர் ரிக்கெற்றை மறந்து அரை மணித்தியாலம் இதைப் பற்றியே கேட்டார்.

1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, அத்தியாவசியத் தொழில் என்று அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்த இடத்தில் வேலைநிறுத்தம் செய்ய 21 நாள் எழுத்து முன்னறிவித்தல் வேண்டும். அதைவிட 1979ஆம் ஆண்டின் அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டமும் இருக்கிறது. அதன் கீழ் வர்த்தமானி வந்தபிறகு வேலைக்கு வராமல் இருப்பதே குற்றம்.

இங்கே சங்கக்காரர் வேலையை நிறுத்தி இறங்குவதற்கு முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1980 ஆடி வேலைநிறுத்தத்தில் ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் 40,000க்கு மேற்பட்ட அரச ஊழியர்களை வேலையிலிருந்து தூக்கியது. அடுத்த வருடம் ஆவணியில் றேகன் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கு மேற்பட்டோரைத் தூக்கினார். உலகம் முழுக்கச் சொல்லப்படுவது றேகனின் கதைதான். இந்த விளையாட்டில் ஜே.ஆர். அவருக்கு ஒரு வருடம் மூத்தவர்.

சுகயீன விடுமுறைப் போராட்டமும் வேலைநிறுத்தமும் ஒன்றா?

பயணிக்கு ஒன்றுதான், இன்னும் மோசமும் கூட, ஏனென்றால் முன்னறிவித்தல் இல்லை. 2024 வைகாசியில் எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் கூட்டமாகச் சுகயீன விடுமுறை போட்டார்கள், நிறுவனம் சிலரை நீக்கியது, பிறகு திரும்ப எடுத்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் இதைச் சகிப்பதில்லை. 1999இல் இப்படி நடந்ததற்கு அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகள் சங்கத்துக்கு ஏறத்தாழ 4 கோடி 55 இலட்சம் டொலர் தண்டம் விழுந்தது.

எல்லா ரத்தும் போராட்டம் என்றும் நினைக்கக் கூடாது. 2025 மார்கழியில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துச் செய்தது. விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிக்கு நிறுவனம் போதிய ஆள் வைக்காததுதான் காரணம், யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. பலாலியில் இருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் அதில்தான் போகிறார்கள் என்பதால், அன்றும் எங்கள் பக்கத்தில் "ஸ்ரைக்" என்றே பேச்சு.

நட்டஈடு கிடைக்குமா?

எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் இருந்து கிளம்பும் விமானம், அதே எயார்லைனின் சொந்தப் பணியாளர் வேலைநிறுத்தத்தால் ரத்தானால், அதை "எதிர்பாராத காரணம்" என்று நிறுவனம் தட்டிக் கழிக்க முடியாது. 2018இலும் 2021இலும் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. தூரப் பயணத்துக்கு 600 யூரோ வரை. 14 நாளுக்கு முன்னரே ரத்தை அறிவித்திருந்தால் இல்லை. கோபுரக்காரர் நின்றாலும் இல்லை, அது எயார்லைனின் கையில் இல்லாத விடயம்.

கனடாவில் வேலைநிறுத்தம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நட்டஈடு இல்லை, ஹோட்டலும் சாப்பாடும் கூடக் கட்டாயம் இல்லை. ஆனால் பெரிய நிறுவனம் 48 மணித்தியாலத்துக்குள் தன் விமானத்திலோ கூட்டாளியின் விமானத்திலோ இடம் தர முடியாவிட்டால், போட்டி நிறுவனத்தில் என்றாலும் எடுத்துத் தரவேண்டும், அல்லது காசைத் திருப்ப வேண்டும். தொலைபேசியில் பேசும்போது இந்த 48ஐச் சொல்லிக் கேளுங்கள். சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் கிடைத்த பதிலில் வித்தியாசம் இருந்தது.

ரிக்கெற் எடுத்தாச்சு, திகதியும் கிட்ட வந்திட்டுது. இப்ப என்ன செய்யிறது?

முதலில், நீங்களாக ரத்துச் செய்யாதீர்கள். எயார்லைன் ரத்துச் செய்தால் காசு முழுதாகத் திரும்பும். நீங்கள் பயந்து முந்திக்கொண்டால் தண்டப்பணம் உங்கள் தலையில்.

இரண்டாவது, முழுப் பயணமும் ஒரே பதிவு இலக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரொறன்ரோவில் இருந்து கொழும்பு வரை ஒரே பதிவென்றால் முதல் துண்டு நின்றாலும் கடைசி இடம்வரை கொண்டு சேர்ப்பது எயார்லைனின் பொறுப்பு. மலிவு என்று லண்டன் வரை ஒன்று, லண்டனில் இருந்து இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தவர்களுக்கு இரண்டாவது எயார்லைன் "நீங்கள் வரவில்லை" என்று மட்டும் சொல்லும். 2025இல் அழுதவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். வேலைநிறுத்தப் பேச்சு அடிபடும் காலத்திலாவது கொஞ்சம் கூடக் கொடுத்து ஒரே பதிவாக எடுங்கள்.

மூன்றாவது, விமான நிலையத்துக்குப் பிடிக்கும் வான் வண்டி. இங்கிருந்து கட்டுநாயக்கவுக்குப் போக ஒரு பகலோ ஒரு இரவோ போய்விடும். முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்பட்ட குடும்பத்துக்கு, புத்தளம் தாண்டும்போது ரத்துச் செய்தி வருவதைப் பார்த்திருக்கிறேன். விமானத்தின் நிலையை எயார்லைனின் சொந்தத் தளத்தில் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள். வரும் ஆட்களை ஏற்றப் போகிறவர்கள், அவர்கள் முதல் விமானத்தில் உண்மையாகவே ஏறிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு வானுக்குச் சொன்னால் போதும்.

கடைசியாகக் காசு. எங்களைப் போன்ற ஏஜென்சியில் எடுத்த ரிக்கெற்றின் பணம் எயார்லைனில் இருந்து ஏஜென்சிக்கு வந்துதான் உங்களிடம் வரும், கிழமைக்கணக்கில் பிந்தலாம். பற்றுச்சீட்டையும் ரத்து அறிவித்தலின் படத்தையும் அழிக்காமல் வையுங்கள். கனடாவில் இருந்து மகனோ மருமகளோ தங்கள் வங்கி அட்டையில் கட்டியிருந்தால் பணம் அந்த அட்டைக்குத்தான் திரும்பிப் போகும். இங்கே வந்து என்னிடம் கேட்டால் என்னால் எடுத்துத் தர முடியாது.